பீப்பாவில் இருப்பது பாதிதான்

தம்பி, நீ என் ஃபோனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையில நிக்கிறன் அம்மா, பிறகு கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு வருவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதுகிற பழக்கமும் விட்டுப்போயிற்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த அளவோடு எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான். அவசரப்பட்டு வாசித்தால் இதிலே பாதிதான் உனக்குள் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா துளசியின் ஆண்டுத் திவசம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு இருந்தோம். சின்ன மாமா உன்னிடம், "வருசம் முடிஞ்சுது தம்பி, இனி உன்ர கலியாணத்துக்கு நாள் பாப்பமே?" என்று கேட்டார். நீ இலையைப் பார்த்தபடி, "இனிக் கலியாணம் இல்லை மாமா" என்று சொன்னாய். உன்னைக் கட்ட இருக்கிற ஆரணி அப்போது உனக்குப் பின்னால் பாயசத்தோடு நின்றாள். நீ காணவில்லை. நான் கண்டேன். அவள் மிச்சப் பேருக்கும் பாயசம் ஊற்றி முடித்துவிட்டுத்தான் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற தாய் தகப்பன் வீட்டுக்குப் போனாள். கார் வரை உன் பின்னால் வந்து நான் ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது இரண்டே காரணம். "அக்கா இல்லாமல் மணவறையில ஆர் தோழியா நிக்கிறது? கலியாணத்துக்கெண்டு அவ வைச்ச பியரும் பழுதாப் போச்சு. இன்னும் என்னத்தைப் பாக்கச் சொல்லுறியள்?" அவ்வளவுதான். மிசிசாகாவில் இருக்கிற உன் வீட்டுக்குக் கார் போய்விட்டது. அந்த இரண்டு காரணத்தையும் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதில் ஒன்று உண்மை இல்லை, ராசா.

அக்கா பியர் காய்ச்சத் தொடங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. அது உனக்கும் தெரியும். தண்ணீர் சோதிக்கிற ஆய்வுகூடத்தில் நல்ல வேலை பார்க்கிற பெண்பிள்ளை, பேஸ்மென்றில் பியர் காய்ச்சுகிறாள் என்றால் நாங்கள் இருக்கிற மோர்னிங்சைட்டில் எத்தனை வீட்டில் அது கதையாகும். வெள்ளிக்கிழமை காய்ச்சக்கூடாது, சாமியறை வரைக்கும் மணம் வரக்கூடாது, என் பொங்கல் பானையைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பானையை மட்டும் தொட்டாள். அதுவும் சாதாரண பியர் என்றாலாவது பரவாயில்லை. நூறு இருநூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்தில் காய்ச்சினதை, அந்தக் காலத்துக்காரர் எழுதிவைத்ததைத் தேடிப் படித்து, அதே மாதிரிக் காய்ச்ச வேண்டுமாம். நீ அவளை விட்டுவைத்தாயா? "அக்கா, கடையில நல்ல பியர் விக்கினம். செத்த வெள்ளைக்காரன்ர பியரை ஏன் காய்ச்சிறாய்?" என்று கேட்பாய். "உயிரோட இருக்கிறவன் அவசரத்தில குடிக்கிறான். செத்தவன் ஆறுதலாக் குடிச்சிருக்கிறான், அதுதான்" என்பாள். சின்ன மாமா, "எங்களை ஆண்டவன்ர பியரெல்லே பிள்ளை" என்று குத்திப்பார்த்தார். "அவன் எங்கட தேத்தண்ணியை விட்டிட்டானோ மாமா?" என்று கேட்டாள்.

அந்தக் காலத்து மால்ற், அதுதான் பியருக்குப் போடுகிற வறுத்த தானியம், இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று, முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லியை மூட்டையாக வாங்கிவந்து, பின்வளவில் ஓக் விறகு மூட்டி, தட்டில் பரப்பிப் புகையிலே வறுத்தாள். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "தூளோ வறுக்கிறியள்? எனக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கோ" என்றா. என்ன சொல்வது என்று தெரியாமல் நான் ஓம் என்றுவிட்டேன். அடுத்த கிழமை உண்மையிலேயே மிளகாய் வாங்கி வறுத்துக் கொடுக்க வேண்டிவந்தது. அக்கா சிரித்துச் சிரித்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. தண்ணீரைப் பிடித்து வைத்து, இந்த ஏரித் தண்ணீர் மெல்லிசு, லண்டன் கிணற்றுத் தண்ணீர் அப்படி இல்லை என்று சுண்ணாம்புத் தூளைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். "கேத்தில் அடியில சுண்ணாம்பு பிடிக்கிற தண்ணியை விட்டிட்டெல்லோ இஞ்ச வந்தனாங்கள், நீ திரும்பப் போடுறாய்" என்று நான் ஏசியிருக்கிறேன். என்னத்துக்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். "அந்த நேரம் இருந்த ஒரு மனிசன்ர வாயில என்ன ருசி இருந்ததெண்டு அறியிறதுக்கு வேற வழி இல்லை அம்மா" என்றாள். எனக்கு அது பைத்தியக்காரக் கதையாகப் பட்டது. இப்போது அவளுடைய கோப்பையை எடுத்து அவள் குடித்த மாதிரி சீனியில்லாத கோப்பி குடித்துப் பார்க்கிறேன். அது பைத்தியம் இல்லை.

உன் கலியாணத்துக்கு என்று அவள் தெரிந்தெடுத்தது போர்ட்டர் என்ற கறுத்தப் பியர். "லண்டனில மூட்டை சுமந்த ஆக்கள் குடிச்சது அம்மா. சுமையை இறக்கி வைச்சிட்டு நிண்டபடி ஒரு கிளாஸ். அப்பா மாதிரி ஆக்கள்" என்று சொன்னாள். உன் அப்பா வேலையை விடும் வரைக்கும் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினவர் என்பதைக் கலியாண வீட்டில் ஆருக்கும் சொல்லமாட்டார். அவர் அதைக் கேட்டுக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பக்கம் திருப்பவில்லை. போன வருசக் கோடையில் காய்ச்சி, சின்ன ஓக் பீப்பாவில் விட்டு, பேஸ்மென்ற் மூலையில் வைத்தாள். காய்ச்சினதில் ஒரு கிளாசை எத்தனையோ தரம் எனக்கு நீட்டியிருக்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு தரமாவது நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். அந்த இலை உதிர்கிற காலத்தில், வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவள் தலை இடிக்கிறது என்று கதிரையில் இருந்தாள். மூளையில் இரத்தம் கசிந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைப் பற்றி நான் எழுதமாட்டேன். நீயும் அங்கே நின்றாய்.

எட்டுச்செலவு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். செத்து எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். இறால் பொரித்து, கட்லற் செய்து, அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்குச் சிப்ஸ் பைக்கற்றையும் உடைத்து வைத்தோம். ஆம்பிளைக்கு என்றால் சாராயமும் சுருட்டும் வைப்பது வழக்கம். சின்ன மாமா கீழே போய்ப் பீப்பாவின் குழாயைத் திறந்து ஒரு சாடியில் பிடித்துக்கொண்டு வந்தார். "குமர்ப்பிள்ளைக்கு உந்தப் பியரைப் படைக்கிறதே?" என்று ஆரோ முணுமுணுத்தார்கள். "அவள் செய்தது. வையுங்கோ" என்று நான்தான் சொன்னேன். படைத்து முடிந்த பிறகு ஆம்பிளைகள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார்கள். அதுதான் வழக்கம், அதைத் தள்ளக்கூடாது. மாமா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "புளிச்ச வினாகிரியடா. செருப்பை ஊறவிட்ட மாதிரி ஒரு மணம்" என்று மெல்லச் சொன்னார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை, அந்த மனிசன் அழுதுகொண்டு நின்றார். நீயும் குடித்தாய். அப்படியே போய்ச் சிங்கில் ஊற்றினாய். "கடைசியாச் செய்ததும் பழுதாப் போச்சு. எல்லாத்தையும் ஊத்தி விடுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய்.

நான் ஊற்றவில்லை. அதற்கு ஒரு நல்ல காரணமும் என்னிடம் இருக்கவில்லை. பழுதானதென்றே நானும் நம்பினேன். ஆனாலும் அவள் கை வைத்த ஒன்றை வீட்டிலிருந்து வெளியே விட மனம் வரவில்லை. பீப்பாவின் மூடியில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதிலே தண்ணீர் வற்றினால் காற்று உள்ளே போய்விடும் என்று அவள் சொன்னது நினைவிருந்தது. வற்ற வற்றத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பேஸ்மென்றுக்கு இறங்குவதையே விட்டுவிட்டார். பனி தள்ளுகிற சவளும் கீழேதான் இருந்தது. அதற்காகக் கூட இறங்காமல் புதுச் சவள் ஒன்று வாங்கிவந்தார். அக்காவின் பெயரைச் சொன்னால் எழும்பிப் போவார். எத்தனை மாதம் அந்த மனிசன் "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொல்லோடு சீவித்தார் என்று உனக்குத் தெரியாது. நீ வந்து நின்ற நேரங்களில் டிவி சத்தமாக ஓடும். அது உனக்காகப் போட்டது.

ஆவணியில் ஆரணி வந்தாள். நீ அவளோடு சரியாகக் கதைக்காமல் விட்ட காலம் அது. என்னைப் பார்க்க வந்தாளோ, உன்னைப் பற்றி விசாரிக்க வந்தாளோ, நான் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, "பீப்பா இருக்கோ அன்ரி?" என்று கேட்டாள். இருக்குது, ஆனால் பழுது என்றேன். எட்டுச்செலவில் நடந்ததை எல்லாம் சொன்னேன். கையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயோ அன்ரி, அது பழுதில்லை. அது பாதி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் இருத்திவைத்து விளங்கப்படுத்தினாள். லண்டனில் அந்த நாளில் இந்தப் போர்ட்டரை இரண்டாகச் செய்வார்களாம். ஒன்றை மரப் பீப்பாவில் மாதக்கணக்காகக் கிடக்க விடுவார்கள். அது புளிக்கும், தோல் மணக்கும், அதைத் தனியே ஆரும் குடிக்கமாட்டார்கள். மற்றதைப் புதிதாகக் காய்ச்சுவார்கள். அது இனிப்பும் புகையுமாக இருக்கும், அதிலே ஒரு அழுத்தம் இராது. கடைக்காரன் கிளாசில் இரண்டையும் கலந்து ஊற்றுவான். பழையது கொஞ்சம், புதியது கூட. "கலியாணத்துக்கு ஒரு மாசத்துக்கு முன்னம் மற்றப் பாதியைக் காய்ச்சுவம், நீயும் வா எண்டு அக்கா என்னட்டைச் சொன்னவ. அவனுக்குச் சொல்லாதை, எல்லாத்துக்கும் சிரிப்பான் எண்டு சொன்னவ" என்றாள். உன்னைத்தான். எட்டுச்செலவு வீட்டுக்குள் நின்ற எங்கள் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்த ஒரே ஆள், இன்னும் கலியாணம் முடியாத வீட்டுக்குச் செத்தவீட்டுக் காரியத்துக்கு வரக்கூடாது என்று தாய் தகப்பன் மறித்ததால் ஸ்ரௌவ்வில்லில் இருந்தாள். பாவம் மாமா, அன்பிலே செய்தார். நாங்கள் அவளுக்குப் படைத்தது அவள் செய்து முடிக்காத ஒன்றை. நீ அதைக் குடித்துவிட்டு அக்கா தோற்றுப்போனாள் என்று நினைத்தாய்.

மற்றப் பாதியை நாங்கள் காய்ச்சினோம், தம்பி. புரட்டாதியில், சனி வேண்டாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆரணி காய்ச்சுகிற விதத்தை ஃபோனில் பார்த்து வாசிக்க, நான் கிண்டினேன். பின்வளவில் வறுத்தோம். பக்கத்து வீட்டு அன்ரி இந்த முறையும் எட்டிப்பார்த்தா. "தூள் இல்லை அக்கா, பியர்" என்று சொன்னேன். அவ வேலிக்கு மேலால் இன்னும் கொஞ்சம் எம்பி, "அதிலயும் கொஞ்சம் எடுத்து வையுங்கோ" என்றா. என் பொங்கல் பானையைத்தான் வைத்தோம். வேறு பானை இருந்தது, ஆனால் அதைத்தான் வைத்தோம். காய்ச்சி இறக்குகிறபோதுதான் தெரிந்தது, அதைப் பேஸ்மென்றுக்குக் கொண்டுபோக எங்கள் இரண்டு பேராலும் ஏலாது என்று. ஆரணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், படியில் நின்று முழிக்கிறோம். அப்பா குசினிக்குள் வந்தார். "விலகும், நான் தூக்கிறன்" என்றார். ஆரணி, "பாரம் அங்கிள், கவனம்" என்றாள். "நான் தூக்காத பாரமே பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு பானையை மார்போடு அணைத்துப் படி இறங்கினார். இறங்கிப்போய் அந்த மூலையில் வைத்துவிட்டு, அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார். நாங்கள் மேலே வந்து கதவைச் சாத்தினோம். ஆம்பிளை அழுகிறதைப் பார்த்து நிற்கக்கூடாது.

நீ கலியாணம் இல்லை என்று சொன்ன பிறகு அவள் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து நேரே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "பியர் ஆருக்காகவும் காத்து நிக்காது அன்ரி, இப்ப கலந்து பாக்கோணும்" என்றாள். அப்பாவையும் கூப்பிட்டு மேசையில் இருத்தினோம். நான் விரதம் பிடிக்கிறவள், என் வயதுக்கு ஒரு சொட்டு அறியாதவள். ஆனாலும் எனக்கும் ஊற்று என்றேன். முதலில் பழையதைத் தனியே. மாமா சொன்னது சரிதான், புளிப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. பிறகு புதியதைத் தனியே. கருகின பாண் துண்டின் விளிம்பு மாதிரி, கொஞ்சம் இனிப்பு, விழுங்கினதும் ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு ஆரணி இரண்டையும் கலந்து தந்தாள். தம்பி, எனக்குப் பியரைப் பற்றிச் சொல்லத் தெரியாது. ஆனால் சமையல் தெரியும். குழம்பு ஒரு கட்டத்தில் தனித்தனியாக உப்பும் புளியும் தூளுமாக நிற்கும், பிறகு ஒரு கொதியில் ஒன்றாகிவிடும் அல்லவா, அப்படி ஆயிற்று. புளிப்பு எங்கேயும் போகவில்லை, அங்கேதான் இருந்தது. அதைக் குடிக்க முடிந்தது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அப்பா கிளாசை முடித்து மேசையில் வைத்தார். ஒரு வருசமாக வாயில் எடுக்காத பெயரைச் சொன்னார். "துளசி சரியாத்தான் செய்திருக்கிறாள்."

அதனால், பழுதாகிவிட்டது என்ற உன் காரணம் போய்விட்டது. மிச்சம் இருப்பது தோழி. அது பொய்க் காரணம் இல்லை. எங்கள் வழக்கப்படி கலியாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் கூறைத் தட்டோடு பொம்பிளையைக் கூட்டிப்போய்ச் சேலை மாற்றி, மணவறைக்குத் திரும்பக் கொண்டுவந்து உன் பக்கத்தில் இருத்த வேண்டியவள். ஒன்றுவிட்ட தங்கச்சிமார் இருக்கிறார்கள் என்று மாமா சொன்னபோது நீ எழும்பிப் போனாய். எனக்கும் அது பிடிக்கவில்லை. இன்னொரு பிள்ளையை அவள் இடத்தில் உடுத்து நிறுத்திப் படம் எடுக்க என்னாலும் ஏலாது. ஆரணியிடம் கேட்டேன். "எனக்கு அக்காதான் தோழி. வேற ஆரும் வேண்டாம், தட்டை நானே தூக்கிக்கொண்டு வாறன்" என்றாள். தனியே நடந்து வருகிற பொம்பிளையைப் பார்க்கவும் எனக்கு ஏலாது. கோயில் ஐயரிடம் போனேன். "மாமியார் தோழியா நிண்டதை நான் பாக்கேல்லை அம்மா. நிக்கக்கூடாதெண்டும் எங்கயும் பாக்கேல்லை" என்றார். எனக்கு அது போதும். தட்டை நான் கொண்டுபோவேன். சேலையை நான் மாற்றிவிடுவேன். உன் அக்கா பிடிக்க வேண்டிய கையை நான் பிடித்துக் கொண்டுவந்து உன் பக்கத்தில் இருத்துவேன். சனம் கதைக்கும். கதைக்கட்டும்.

இனி நீ மணவறையில் இருக்கப் போகிறாயா இல்லையா என்பதுதான் மிச்சம். உன்னை நான் கட்டாயப்படுத்தவில்லை. அக்கா செத்த வீட்டில் சிரிப்பது பிழை என்று உனக்குத் தோன்றுகிறது. எனக்கும் பானை கிண்டுகிறபோது ஒருதரம் சிரிப்பு வந்து, உடனே நெஞ்சு அடைத்தது. அது இனியும் அடைக்கும். ஆனால் ஆரணியிடம் ஒரு வருசம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வருசம் முடிந்ததும் இலைக்கு முன்னால் குனிந்தபடி இல்லை என்று சொன்னாயே, அது துக்கம் இல்லை, அது கோழைத்தனம். உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், அப்படி நீ வளரவில்லை. ஏலாது என்றால் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நான் ஏசமாட்டேன். அவளைக் காரில் ஏற்றிவிட்டு வந்து உனக்குச் சோறு போடுவேன். ஏலும் என்றாலும் அதையும் அவளிடம் நேரே சொல்லு, எனக்கு ஃபோனில் எழுதாதே.

சனிக்கிழமை மத்தியானம் ஆரணி இங்கே வருவாள். மிச்சத்தைப் போத்தலில் அடைக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் போதாது. நீ வருவாய் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. வெளியே போய், நீ காரை விடுகிற இடத்தில் விழுந்து கிடக்கிற இலையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். காற்று அடித்துத் திரும்பவும் விழுகிறது. அவர் திரும்பவும் கூட்டுகிறார்.

அம்மா